பண்ணா, பேச்சா? நோயாளி பக்கம் நின்று திருவாசிப் பதிகத்தைப் படிப்பது

நோய்க்கு ராகம் சொல்லும் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தூக்கம் வராதவர்களுக்கு ஒரு ராகம், ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, வயிற்று வலிக்கு ஒன்று. தெரிந்தவர் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் போதும், அந்தப் பட்டியலும் கூடவே நாலு பாட்டும் அவருடைய போனுக்குப் போய்விடும். அனுப்புகிறவர் மனசு நல்ல மனசுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பட்டியலின் கீழே வழக்கமாக ஒரு வரி இருக்கும்: நம் முன்னோர் பண்ணைக் கொண்டே நோய் தீர்த்தார்கள், தேவாரமே அதற்குச் சாட்சி. சாட்சி என்று ஒன்றைக் கூப்பிட்டால் அதை விசாரிக்கவும் வேண்டும், இல்லையா?

தேவார மூவரின் வாழ்க்கைக் கதைகளில் நோயோடு சேர்த்துச் சொல்லப்படும் பதிகங்களில் முக்கியமான ஐந்தை எடுத்துக்கொள்ளலாம்.

அப்பர், சூலை நோயோடு திருவதிகையில் பாடியது: நான்காம் திருமுறையின் முதல் பதிகம். பண் கொல்லி.

சம்பந்தர், திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளுக்காகப் பாடியது: முதல் திருமுறை, 44-ஆம் பதிகம். பண் தக்கராகம்.

சம்பந்தர், திருச்செங்கோட்டில் உடன் வந்த அடியார்கள் குளிர்சுரத்தில் விழுந்தபோது பாடியது: முதல் திருமுறை, 116-ஆம் பதிகம். பண் வியாழக்குறிஞ்சி.

சம்பந்தர், மதுரையில் பாண்டியனின் வெப்பு நோய்க்குப் பாடிய திருநீற்றுப் பதிகம்: இரண்டாம் திருமுறை, 66-ஆம் பதிகம். பண் காந்தாரம்.

சுந்தரர், பார்வை இழந்து திருவாரூருக்கு வந்து பாடியது: ஏழாம் திருமுறை, 95-ஆம் பதிகம். பண் செந்துருத்தி.

இப்போது இதை ஒரு அட்டவணையாக நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நோய், இன்னொரு பக்கம் பண். செங்கோட்டில் காய்ச்சல், மதுரையிலும் காய்ச்சல். இரண்டுக்கும் வேறு வேறு பண். ஒன்று குளிர்சுரம், மற்றது வெப்பு, அதனால் பண்ணும் மாறியது என்று யாராவது வாதாடலாம். சரி, மறுபக்கத்திலிருந்து பார்ப்போம். இன்று ஓதுவார்கள் காந்தாரப் பண்ணையும் கொல்லிப் பண்ணையும் நவரோஸ் ராகத்தில்தான் பாடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் வயிற்றைப் புரட்டும் சூலைக்கும் உடம்பை எரிக்கும் காய்ச்சலுக்கும் ஒரே ராகம் என்றாகிறது. தக்கராகத்தில் சம்பந்தர் பாடியவை முதல் திருமுறையில் 23 முதல் 46 வரை, மொத்தம் 24 பதிகங்கள். திருக்கோலக்காவில் பொற்றாளம் பெற்ற பதிகமும் அதே பண்தான். அங்கே யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை. ஆக, 'இந்த நோய்க்கு இந்தப் பண்' என்ற இணைப்பைத் தேவாரத்தில் எங்கிருந்தும் எடுக்க முடியாது. சாட்சி பட்டியலுக்குச் சாதகமாகப் பேசவில்லை.

அப்படியானால் இந்தப் பாட்டுகள் நோயாளிக்கு என்னதான் செய்கின்றன? அதற்குத் திருவாசிக்குப் போக வேண்டும்.

திருச்சியிலிருந்து காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கம் தீவைத் தாண்டி, கொள்ளிடத்தையும் தாண்டினால் நம்பர் ஒன் டோல்கேட். அங்கிருந்து மேற்கே முசிறி, நாமக்கல் போகும் சாலையில் சில கிலோமீட்டரில் திருவாசி. அதன் பழைய பெயர்தான் திருப்பாச்சிலாச்சிராமம். மாற்றுரைவரதர் கோயில். இங்கே இருக்கும் நடராஜர் கொஞ்சம் வித்தியாசமானவர். வழக்கமாகக் காலடியில் கிடக்கும் முயலகன் இங்கே இல்லை. பாம்பின் மேல் ஆடுகிறார். முயலகன் என்பது வலிப்பு நோய்க்கும் பெயர். கொல்லி மழவன் மகளைப் பிடித்திருந்த முயலகனைத்தான் சிவன் பாம்பாக்கிக் காலடியில் வைத்தார் என்று ஊர்க்கதை சொல்கிறது.

கதையைப் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. மழநாட்டுத் தலைவன் மகளுக்கு முயலகன் நோய். வைத்தியம் பலவும் பார்த்தும் தீரவில்லை. கடைசியில் அவளைக் கொண்டுவந்து கோயிலில் கிடத்திவிட்டுக் காத்திருக்கிறான் அப்பன். சம்பந்தர் வருகிறார் என்று தெரிந்ததும் ஓடிப்போய் அவரை வரவேற்கிறான். உள்ளே வந்த சம்பந்தர் உணர்வில்லாமல் தரையில் கிடக்கும் பெண்ணைப் பார்த்து, இது என்ன என்று கேட்கிறார். அப்பன் நடந்ததைச் சொல்கிறான். அதன்பிறகுதான் பாட்டு. பாட்டு முடிந்ததும் பெண் எழுந்து அப்பனிடம் போகிறாள்.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு பதிகத்தைத் திறந்தால் முதலில் ஆச்சரியம்தான் வரும். மழவன் பெயர் அதில் இல்லை. முயலகன் என்ற நோய் இல்லை. 'இவளைக் குணமாக்கு' என்ற வேண்டுதல்கூட இல்லை. அதற்குப் பதிலாக இருப்பது கேள்வி. பாட்டுக்குப் பாட்டு சிவனை வர்ணித்துக்கொண்டே போகிறார் சம்பந்தர்: பிறை, சடை, பாம்பு, ஆட்டம், இத்தனை அழகும் உள்ள ஆள். அப்புறம் கடைசி அடியில் திரும்பி, இப்படிப்பட்டவர் இந்தப் பெண்ணை இப்படி வாட வைப்பது இவருக்குப் பெருமையா, இது இவருக்கு அழகா, இது இவருடைய இயல்பா என்று சொல்லை மாற்றி மாற்றிக் கேட்கிறார். புகழ்ந்து கொண்டே வந்து புகழின் உச்சியில் வைத்துக் கேட்பதால் கேள்விக்குக் கூர்மை கூடுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. கதையை ஒதுக்கிவிட்டுப் படித்தால் இது ஓர் அகப்பாட்டு. காதலில் விழுந்து வாடும் பெண், அவளை அப்படி ஆக்கிவிட்டுப் பேசாமல் இருக்கும் தலைவன், அவனிடம் நியாயம் கேட்கும் தோழி அல்லது தாய். மயல் என்ற சொல் காதல் மயக்கத்துக்கும் பொருந்தும், நினைவு தப்புவதற்கும் பொருந்தும். சம்பந்தர் காலம் 7-ஆம் நூற்றாண்டு. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டு. நடுவில் ஐந்நூறு வருஷம். 'சேக்கிழார் காதல் பாட்டுக்கு நோய்க்கதையைப் பொருத்திவிட்டார்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அது எனக்குப் போதவில்லை. சேக்கிழாரை ஒரு வாசகராகப் பாருங்கள். அகமரபில் தோழி செய்யும் வேலை என்ன? வாயைத் திறக்க முடியாதவளுக்காகப் போய்ப் பேசுவது. நினைவில்லாமல் தரையில் கிடக்கும் பெண்ணுக்கும் தேவைப்படுவது அதுதான். அந்த ஒற்றுமையை அவர் கண்டுபிடித்திருக்கிறார். கதையை அவர் எழுதினாரா, முன்பே வழங்கியதைக் கேட்டு எழுதினாரா என்பது வேறு விஷயம். பாட்டை நன்றாகப் படித்தவர் செய்த பொருத்தம் இது.

என் வாதம் இதுதான். நோயோடு சேர்ந்த இந்தப் பாட்டுகளில் ஆறுதல் இருக்கும் இடம், யார் யாருக்காகப் பேசுகிறார் என்பதில். பண் அந்தப் பேச்சைத் தாங்கிப் பிடிக்கிறது. மாத்திரை வேலை பார்ப்பதில்லை.

மற்ற பதிகங்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். செங்கோட்டில் காய்ச்சல் கண்டவர்கள் அடியார்கள். சம்பந்தருக்குக் காய்ச்சல் வந்ததாகக் கதையில் இல்லை. ஆனாலும் பதிகத்தில் 'அவர்களை' என்று அவர் பாடவில்லை. எங்களை நோய் தீண்டாது என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு பன்மையில் பேசுகிறார். உடம்பு நன்றாக இருப்பவர் நோயாளிகளின் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். பார்க்க வருகிறவர்கள் 'உங்களுக்குச் சீக்கிரம் சரியாயிடும்' என்று நின்றபடி சொல்வதற்கும், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து 'பாத்துக்கலாம் வா' என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இது.

அப்பர் பதிகத்தில் நோயாளியே பேசுகிறார். வயிற்றுக்குள் குடலை முறுக்குகிற வலியைத் தன்மை ஒருமையில், கூச்சமே இல்லாமல் சொல்கிறார். சுந்தரர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கண் போன பிறகு திருவாரூரில் அவர் பாடியதில் கெஞ்சலைவிடக் கோபம் அதிகம். நாங்கள் இப்படிக் கிடக்க நீர் மட்டும் நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்ற தொனி. நோயாளியின் கோபத்துக்கு இலக்கியத்தில், அதுவும் கோயிலில் நின்று ஓதும் பாட்டில் இடம் கொடுத்திருக்கிறார்கள். செந்துருத்திப் பண்ணில் தேவாரத்தில் உள்ள பதிகம் இது ஒன்றுதான். அந்தக் கோபத்துக்கு ஒரு தனிப் பண்ணே கிடைத்திருக்கிறது.

கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்திலும் இதற்கு இணையான கதை ஒன்று உண்டு. சோழன் அவையில் ராமானுஜருக்குப் பதிலாகப் போய்க் கண்ணை இழந்தவர் கூரத்தாழ்வான். பிற்காலத்தில் ராமானுஜர் அவரைக் காஞ்சி வரதராஜர்மேல் பாடச் சொல்லி, கண்ணைக் கேள் என்கிறார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவம் பாடுகிறார். வரம் கேட்கும் நேரம் வந்தபோது, தனக்குக் கண் போகக் காரணமான நாலூரானுக்கும் நற்கதி வேண்டும் என்று கேட்டாராம். குருபரம்பரைக் கதைகள் இதைப் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்கின்றன. எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. எல்லாரும் அவரை நோயாளியாக மட்டும் பார்க்கிறார்கள். அவரோ தனக்கு வேறு கவலைகளும் உண்டு என்று காட்டுகிறார். பாட்டு அவருக்குக் கொடுத்தது அந்த இடத்தைத்தான்.

'பாட்டு போதும், மருந்து எதுக்கு' என்று இதிலிருந்து யாராவது முடிவுகட்டினால், அதே ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டு குறுக்கே நிற்கும். சக வருஷம் 1415, அதாவது பொது ஆண்டு 1493-ஐச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு கோயிலுக்குள் இருந்த ஆரோக்கியசாலையைப் பற்றிப் பேசுகிறது. 13-ஆம் நூற்றாண்டில், பக்கத்துக் கண்ணனூரைத் தலைநகராக வைத்திருந்த ஹொய்சளர் காலத்தில் தொடங்கி, பிறகு சிதைந்துபோன அந்த மருத்துவச்சாலையைக் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்து, தன்வந்திரியை எழுந்தருளச் செய்திருக்கிறார். தன்வந்திரி சந்நிதி இன்றும் இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் 11-ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திரன் கல்வெட்டு இன்னும் துல்லியம்: 15 படுக்கை, ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரை. அரையர் பிரபந்தம் பாடும் அதே மதிலுக்குள் கஷாயமும் காய்ச்சினார்கள். இரண்டையும் வைத்திருந்தார்கள், ஒன்றை மற்றொன்றாகக் குழப்பவில்லை. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரும் அப்படித்தான். சித்த மருந்து விற்ற வருமானத்தில் இசை ஆராய்ச்சி செய்து, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார்.

இன்றைய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 1984-இல் ரோஜர் உல்ரிச் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை ரொம்பப் பிரபலம். அமெரிக்காவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப்பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போனார்கள், சுவர் தெரிந்தவர்கள் 8.70 நாளில். மரம் பார்த்தவர்களுக்குக் கடுமையான வலிமருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. இதை எடுத்துக்காட்டுகிறவர்கள் அவர் பின்னாளில் செய்ததைச் சொல்வது குறைவு. ஸ்வீடனில் உப்சாலாவில் இதய அறுவை செய்துகொண்ட 160 பேரின் படுக்கைக்கு எதிரே படங்கள் வைத்துப் பார்த்தார்கள். நீரும் மரமும் உள்ள படம் பதற்றத்தைக் குறைத்தது. நேர்கோடுகளால் ஆன அரூப ஓவியம், படமே இல்லாததைவிடப் பதற்றத்தைக் கூட்டியது. கலை என்றாலே ஆறுதல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. படுத்திருப்பவரால் எழுந்து போகவோ படத்தைத் திருப்பி வைக்கவோ முடியாது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இசையிலும் நிலைமை இதேபோலத்தான். அறுவைக்கு முன்னால் இசை கேட்பது பதற்றத்தைக் குறைக்க உதவலாம் என்று 26 சோதனைகளை, 2051 பேரை, ஒன்றாகத் தொகுத்த 2013-ஆம் ஆண்டு கோக்ரேன் ஆய்வு சொல்கிறது. பதற்றம் குறைவது சின்ன விஷயமில்லை. ஆனால் அது பதற்றம்தான், பித்தப்பை இல்லை.

நம்மூருக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று 2002-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வந்தது. நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் குழுவினரும் திண்டுக்கல் மாவட்டத்து முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளைக் கவனித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள், நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததால் இதை எல்லை தாண்டி இழுக்கக் கூடாது. கவனிக்க வேண்டியது வேறு: அங்கே நோயைத் தீர்க்கத் தனிச் சடங்கு எதுவும் நடக்கவில்லை. கூடவே குடும்பத்தில் ஒருவர் இருந்தார், கோயில் வேலைகளில் பங்கு கிடைத்தது, யாரும் விரட்டவில்லை. திருவாசியைத் தாண்டி அதே சாலையில் போனால் வரும் குணசீலத்திலும் மனநோயாளிகள் 48 நாள் தங்குவது பழைய வழக்கம்.

இதற்கு நேர் எதிர் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களையும் குணமாகட்டும் என்றுதான் வீட்டார் புனிதத் தலம் ஒன்றின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நம்பிக்கை இருந்தது. அவர்கள் பக்கம் நின்று 'இது தகுமா' என்று கேட்க ஆள்தான் அங்கே இல்லை.

இந்த இடத்தில் திருவாசிக் கதையிடமும் ஒரு குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மழவன் பேசுகிறான், சம்பந்தர் பேசுகிறார், சேக்கிழார் பேசுகிறார். அந்தப் பெண் பேசவே இல்லை. பெயர்கூட இல்லை, 'மழவன் மகள்' என்றோடு சரி. எழுந்து நடந்த பிறகும் அவளுக்கு ஒரு வார்த்தை கொடுக்கப்படவில்லை. தோழி பேசுவது நல்லதுதான். தலைவி கண் விழித்த பிறகும் தோழியே பேசிக்கொண்டிருந்தால் அது வேறு கதை. அப்பரும் சுந்தரரும் தங்கள் வலியைத் தாங்களே பாடியதால்தான் அந்தப் பதிகங்கள் இன்னும் சுடுகின்றன. அந்த வாய்ப்பு இவளுக்குக் கிடைக்கவில்லை. அருமையான பதிகம் என்று சொல்லும் அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே, உடம்பு சரியில்லாதவருக்குப் பாட்டோ படமோ அனுப்ப நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ராகப் பட்டியல் இல்லை. நினைவு தப்பிக் கிடப்பவருக்காக நாம் பேசலாம், பேசத்தான் வேண்டும். நினைவோடு இருப்பவரிடம் முதலில் கேட்கலாம். என்ன கேட்கப் பிடிக்கும், இப்போது கேட்கும் நிலையில் இருக்கிறீர்களா, ஒன்றுமே வேண்டாமா? சுந்தரர் மாதிரிக் கோபத்தில் இருப்பவருக்குச் சாந்தமான வீணை எரிச்சலாக இருக்கலாம். பழைய எம்ஜிஆர் பாட்டு வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதுதான் அன்றைக்கு அவருக்கான பதிகம்.

சேக்கிழார் சொல்லும் வரிசையையும் கவனியுங்கள். சம்பந்தர் கோயிலுக்குள் வந்ததும் பாட ஆரம்பிக்கவில்லை. கீழே கிடந்தவளைப் பார்த்தார், என்ன ஆச்சு என்று கேட்டார், பதிலை முழுசாகக் கேட்டுக்கொண்டார். அதற்கு அப்புறம்தான் வாயைத் திறந்தார்.